தாமே மின்னூல் வெளியிடும் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களுக்கு: விலை குறித்து ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய எழுத்தாளர்களுக்கும், அவர்களுக்கு மேடை அமைத்துத் தரும் இலக்கிய அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் தமிழில் எழுதுவோரின் கைப்பிரதிகளை மின்னூலாக வடிவமைத்து இணையக் கடைகளில் ஏற்றிக்கொடுக்கும் பணியைச் செய்துவருபவர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். ஒற்றுப்பிழைகளைக் களைவதற்கு வாரக்கணக்கில் உழைப்பவர்களும், அட்டைப்படத்தின் நிறம் சற்று மங்கினாலும் பொறுக்காதவர்களும், விலையை நிரப்பும் பக்கத்துக்கு வந்தவுடன் மட்டும், "ஏதாவது குறைவாகப் போட்டுவிடுங்கள், யார் வாங்கப் போகிறார்கள்" என்று சொல்லி அந்தப் பொறுப்பை என்னிடமே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சொற்களில் இருக்கும் கூச்சமே நம் மின்னூல்கள் பலவற்றைக் கடைக்கு வந்த அன்றே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, விலையைப் பற்றியும் விலையிலிருந்து பிரிக்க முடியாத விளம்பரத்தைப் பற்றியும் கணக்கோடு, வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன்.

அச்சு நூலின் விலையில் நமக்கு இந்தத் தயக்கம் இருப்பதில்லை. சென்னையில் அச்சிட்டுக் கப்பலிலோ விமானத்திலோ வரவழைத்த இருநூறு பக்கச் சிறுகதைத் தொகுப்புக்கு 15 சிங்கப்பூர் வெள்ளி, 20 வெள்ளி என்று விலை வைக்கிறோம். வெளியீட்டு விழாவில் நண்பர்களும் உறவினர்களும் உடன் பணிபுரிவோரும் வரிசையில் நின்று, சிலர் அன்பின் பேரில் விலைக்கு மேலும் கொடுத்து, வாங்கிச் செல்கிறார்கள். அந்த ஒரு மாலையில் விற்பதுதான் பெரும்பாலும் அந்த நூலின் மொத்த விற்பனை. மீதமுள்ள பெட்டிகள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் சாமான் அறைக்குப் போய்விடுகின்றன. மின்னூலுக்கு அப்படியொரு மாலை கிடையாது. அதை வாங்குபவர் உங்களுக்கு முன்பின் தெரியாதவர். தெரியாதவரிடம் பணம் கேட்பதற்கு நாம் பழகவில்லை என்பதால்தான் 99 அமெரிக்கக் காசு என்றோ இலவசம் என்றோ போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம்.

இலவசமாக நூல் தருவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் நம் பழைய இலக்கியங்களை உலகம் முழுவதும் உள்ள வாசகருக்குக் கொண்டுசேர்த்தது. 2013 முதல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம், பிறர் கட்டணமின்றிப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தம் எழுத்தைத் தர விரும்புவோரின் நூல்களை இலவசமாக வெளியிட்டுவருகிறது. நம் நாட்டிலேயே, 1965 முதல் 2015 வரையிலான ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்னிலக்கமாக்கும் திட்டத்துக்குப் பல எழுத்தாளர்கள் மனமுவந்து தம் நூல்களை அளித்தார்கள். இவை யாவும் தெரிந்து, தீர்மானித்துச் செய்யப்பட்ட கொடைகள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒருமுறை வெளியிட்டால், ஏற்கெனவே பெற்றவரிடமிருந்து அதைத் திரும்பப் பெற இயலாது என்பதையும் அறிந்தே அந்த உரிமத்தைத் தேர்ந்தவர்கள் கொடுத்தார்கள். விலை வைக்கக் கூச்சப்பட்டு இலவசமாக்குவது அத்தகைய கொடை ஆகாது. எழுத்தாளர் அங்கே எதையும் தீர்மானிக்கவில்லை, தீர்மானத்தைத் தள்ளிவிட்டார், அவ்வளவே.

இனி கணக்குக்கு வருகிறேன். அமேசான் தன் மின்னூல் வெளியீட்டுத் தளத்தில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளுக்கு இடமளித்தது 2016-ஆம் ஆண்டு இறுதியில். அதன்பின் தமிழ் மின்னூல் வாங்குவோரில் பலர் அங்கே வாங்குகிறார்கள் என்பதால் அதன் விதிகளையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே விற்பனையில் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்காகிய ராயல்டி இருவகை. விலை 2.99 அமெரிக்க டாலர் முதல் 9.99 டாலர் வரை இருந்தால் 70 விழுக்காட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த எல்லைக்குக் கீழோ மேலோ போனால் 35 விழுக்காடு மட்டுமே. 70 விழுக்காட்டுத் திட்டத்தில் கோப்பின் அளவுக்கேற்ப அனுப்பும் செலவு பிடித்துக்கொள்ளப்படும். அமெரிக்கக் கடையில் ஒரு மெகாபைட்டுக்கு 15 காசு. 35 விழுக்காட்டுத் திட்டத்தில் அந்தப் பிடித்தம் இல்லை.

ஒரு மெகாபைட் அளவுள்ள சிறுகதைத் தொகுப்பை 99 காசுக்கு விற்றால் உங்களுக்குக் கிடைப்பது 35 காசு. அதையே 2.99 டாலருக்கு விற்றால் ஏறத்தாழ 1.99 டாலர். ஆக, 2.99 டாலரில் ஒரு படி விற்றுக் கிடைக்கும் வருமானத்தை 99 காசில் ஈட்ட ஆறு படிகள் விற்க வேண்டும். விலையை மூன்றில் ஒரு பங்காக்கினால் வாசகர் எண்ணிக்கை ஆறு மடங்காகுமா என்ற கேள்விக்கு, தமிழில், அதுவும் ஒன்றிரண்டு நூல்களே வெளியிட்டிருக்கும் ஒருவரைப் பொறுத்தவரை, ஆகாது என்பதே நான் கண்டவரையில் பதில். நம் வாசகர் ஒரு நூலை வாங்காமல் விடுவதற்குப் பெரும்பாலும் விலை காரணமாக இருப்பதில்லை. அந்த நூல் இருப்பதே அவருக்குத் தெரியாது.

சிங்கப்பூரில் இருக்கும் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று இருக்கிறது. 70 விழுக்காடு என்பது எல்லா நாட்டு வாசகருக்கும் பொருந்தாது. வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அதைப் பொறுத்தே ராயல்டி அமைகிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகள் 70 விழுக்காட்டுப் பட்டியலில் இருக்கின்றன. சிங்கப்பூர் அதில் இல்லை. நீங்கள் 70 விழுக்காட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், தோ பாயோவிலிருந்து உங்கள் நூலை வாங்கும் வாசகரின் பணத்தில் உங்களுக்கு வருவது 35 விழுக்காடுதான். 4.99 டாலர் விலையுள்ள ஒரு நூல் இங்கே விற்றால் 1.75 டாலரும், 70 விழுக்காட்டுப் பட்டியலில் உள்ள நாட்டில் விற்றால் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கும் கிடைக்கும். அமெரிக்க வாசகருக்கு விற்கும் படிகளில் வரி வேறு உண்டு. அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், இங்கே வசிக்கும் எழுத்தாளரின் அமெரிக்க ராயல்டியில் 30 விழுக்காடு பிடித்துக்கொள்ளப்படுகிறது. அப்படியிருந்தும் 4.99 டாலர் நூல் ஒன்றுக்கு 2.37 டாலர் மிஞ்சுகிறது. உள்ளூர் விற்பனையைவிட அது அதிகம்தான்.

இதனால் உள்ளூர் வாசகரை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளூர் வாசகரிடம் உங்களுக்கு அச்சு நூல் இருக்கிறது, நேரில் கையெழுத்திட்டுத் தரும் உறவு இருக்கிறது. மின்னூலின் இயல்பான வாசகர்கள், விழாவுக்கு வர முடியாத டொரோன்டோ, லண்டன், மெல்பர்ன் தமிழர்களும், தமிழ்நாட்டு வாசகர்களும். அவர்களை மனத்தில் வைத்து விலையைத் தீர்மானியுங்கள் என்பதே என் வேண்டுகோள். இங்குள்ள வாசகர் வாங்கும்போது விலையோடு நம் பொருள், சேவை வரியும் சேர்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் அந்த வரி உண்டு. 2024-இலிருந்து விகிதம் 9 விழுக்காடு.

தமிழ்நாட்டு வாசகருக்கான விலையைத் தனியே அமைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதுதான் நான் அடிக்கடி சந்திக்கும் குறை. அமெரிக்கக் கடைக்கு 4.99 டாலர் என்று நிரப்பிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால், இந்தியக் கடையில் அது நாணய மாற்று விகிதப்படி நானூறு ரூபாயைத் தாண்டிப் போய் நிற்கும். மதுரையில் இருக்கும் வாசகர் அச்சு நூலையே அதைவிடக் குறைந்த விலையில் வாங்கிவிடுவார். ஒவ்வொரு நாட்டுக் கடைக்கும் விலையைத் தனித்தனியே மாற்றும் வசதி அதே பக்கத்தில் இருக்கிறது. இந்தியாவில் 70 விழுக்காட்டு ராயல்டிக்குக் குறைந்தபட்ச விலை 99 ரூபாய். ஆனால், அந்த விகிதம் இந்தியாவில் கிடைக்க வேண்டுமானால் நூல் அமேசானின் கிண்டில் செலக்ட் திட்டத்தில் (அதைப் பின்னால் விளக்குகிறேன்) சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் அங்கும் 35 விழுக்காடுதான்.

குழந்தைகளுக்கான படநூல் வெளியிடுவோருக்குத் தனியே ஒரு செய்தி. நம்மில் பலர் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்காக அழகான படநூல்களை உருவாக்குகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள் இருப்பதால் கோப்பு எளிதில் 20 மெகாபைட்டை எட்டிவிடும். அனுப்பும் செலவே 3 டாலர் ஆகிவிடுவதால், 4.99 டாலர் விலையில் 70 விழுக்காட்டுத் திட்டம் 1.39 டாலர்தான் தரும். 35 விழுக்காட்டுத் திட்டமோ 1.75 டாலர் தரும். பெரிய எண்ணைப் பார்த்து 70-ஐ அழுத்திவிடுவோர் ஒவ்வொரு படியிலும் இழக்கிறார்கள். படங்களைத் தரம் கெடாமல் சுருக்கிக் கோப்பின் அளவைக் குறைப்பது முதல் வேலை. அதன்பின் இரண்டு திட்டங்களையும் கணக்கிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 10 மெகாபைட்டைத் தாண்டிய நூலுக்கு 2.99 டாலருக்குக் குறைவாக விலை வைக்கவே முடியாது என்பதால், படநூலை 99 காசுக்குத் தரும் எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

99 காசு விலைக்கு ஆதரவாகப் பலர் அமெரிக்க எழுத்தாளர்களின் வெற்றியை எடுத்துக்காட்டுகிறார்கள். அமாண்டா ஹாக்கிங் 2010-இல் தம் நாவல்களைத் தாமே வெளியிட்டு, பத்து லட்சத்துக்கு மேல் விற்று, மறு ஆண்டே பெரிய பதிப்பகத்தின் ஒப்பந்தத்தைப் பெற்றது உண்மை. ஆனால், தொடரின் முதல் நூலுக்கு மட்டும்தான் அவர் 99 காசு வைத்தார். அடுத்தடுத்த நூல்களுக்கு 2.99 டாலர். முதல் நூலைப் படித்து முடித்தவருக்கு அடுத்த நூல் தயாராகக் காத்திருந்தது. 2011-இல் கிண்டிலில் பத்து லட்சம் படிகள் விற்ற முதல் சுயவெளியீட்டாளரான ஜான் லாக்கும் 99 காசில் விற்றவர்தான். அவரிடமும் ஒன்றல்ல, பல நாவல்கள் இருந்தன. அவர் பணம் கொடுத்து நூற்றுக்கணக்கில் மதிப்புரைகள் வாங்கியதும் மறு ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வழியாக வெளியே தெரிந்தது. தமிழ்நாட்டில் குடும்ப நாவல் எழுதுவோர் சிலர் குறைந்த விலையிலும் நன்றாக ஈட்டுகிறார்கள் என்றால், அவர்கள் ஆண்டுக்குப் பல நாவல்கள் எழுதுகிறார்கள், சந்தா கட்டிய வாசகர்கள் ஒன்றையடுத்து ஒன்றாகப் படிக்கிறார்கள். மூன்றாண்டுகளுக்கு ஒரு தொகுப்பு வெளியிடும் நம் எழுத்தாளருக்கு அந்த வழி பொருந்தாது. குறைந்த விலை என்பது அடுத்த நூலுக்கு இட்டுச்செல்லும் நுழைவாயில். உள்ளே வேறு நூல் இல்லாதபோது அதனால் பயன் இல்லை.

எனவே, ஒன்று அல்லது இரண்டு நூல்கள் மட்டும் உள்ளவர்களுக்கு நான் சொல்லும் விலை இதுதான்: சிறுகதைத் தொகுப்புக்கும் நாவலுக்கும் 3.99 அல்லது 4.99 டாலர், இந்தியக் கடையில் 99 முதல் 149 ரூபாய். கவிதைத் தொகுப்பு சிறியதாக இருந்தால் 2.99 டாலர். அச்சு நூலை 15 வெள்ளிக்கு வாங்குபவர், அதன் மின்வடிவத்துக்கு ஆறு, ஏழு வெள்ளி கொடுப்பதை அநியாயம் என்று நினைக்க மாட்டார். 70 விழுக்காட்டுத் திட்டத்தில் மின்னூலின் விலை அச்சு நூலின் விலையைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாக இருக்க வேண்டும் என்ற விதியும் இந்த விலைகளில் தானாகவே நிறைவேறிவிடும். சிங்கப்பூர் வரலாறு, உள்ளூர்த் தமிழர் வாழ்வு, மொழி கற்பித்தல் போன்ற துறைகளில் வேறெங்கும் கிடைக்காத தகவல்களோடு எழுதியவர்கள் 7.99 டாலர் வரை தயங்காமல் போகலாம். அந்த நூலைத் தேடுபவர் விலை பார்த்துத் தேடுவதில்லை.

கிண்டில் செலக்ட் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 90 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தால், கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் உங்கள் நூலைப் படிக்கும் பக்கங்களுக்கு ஏற்பத் தொகை கிடைக்கும். அந்த 90 நாள்களில் ஐந்து நாள் வரை நூலை இலவசமாகத் தரவும் முடியும். பதிலுக்கு அமேசான் கேட்பது மின்னூலை விற்கும் தனி உரிமை. நூலின் மின்வடிவம் அந்தக் காலத்தில் வேறெங்கும், இலவசமாகக்கூட, கிடைக்கக்கூடாது. அச்சு நூலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தொகுப்பில் உள்ள கதைகளைப் பிரதிலிபி போன்ற இணையக் கதைத் தளத்திலோ சொந்த வலைப்பூவிலோ முழுமையாக விட்டுவைத்துக்கொண்டு செலக்டில் சேர்வது விதிமீறல். சேரும் முன் அவற்றை எடுத்துவிட வேண்டும். முன்னோட்டமாகப் பத்து விழுக்காடு வரை வைத்துக்கொள்ளலாம். என் பரிந்துரை: தமிழ்நாட்டு வாசகரை முதன்மையாகக் கருதும் புனைகதை நூல்களைச் செலக்டில் சேருங்கள். ஆய்வு நூல்களையும் கற்பித்தல் நூல்களையும் சேர்க்காமல் கூகல் பிளே புக்ஸ் உள்ளிட்ட மற்றக் கடைகளிலும் வையுங்கள். கிண்டில் கருவி இல்லாத ஆசிரியர்களும் பெற்றோர்களும் கைப்பேசியில் வாங்குவது அங்கேதான் எளிது.

இந்தத் தனி விற்பனை உரிமை விதியை நம் ஊரில் அதிகம் மீறுவது வாட்ஸ்அப் வழியாகத்தான். நூல் வெளிவந்த வாரத்திலேயே, அன்பின் மிகுதியால், அதன் பிடிஎஃப் கோப்பை எழுத்தாளரே குழுக்களில் பகிர்ந்துவிடுகிறார். இருநூறு பேர் கொண்ட ஒரு குழுவில் அதைப் படிக்கப்போகிறவர் ஐந்து பேர் இருக்கலாம். அந்த ஐந்து பேர்தான் அதை வாங்கியிருக்கக்கூடியவர்கள். மற்றவர்களின் கைப்பேசியில் அது திறக்கப்படாமலேயே கிடக்கும், பிறகு வேறு குழுவுக்குப் போகும். பகிர விரும்பினால் முதல் கதையை மட்டும் தனிக் கோப்பாக்கி, அதன் முடிவில் நூலின் கடைச் சுட்டியை வைத்துப் பகிருங்கள். மொத்த நூலில் அது பத்து விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் விதிக்கும் உட்பட்டதாகிவிடும்.

இலவச நாள்களைப் பற்றியும் ஒரு சொல். கிண்டில் கடையில் இலவச நூல்களின் தரவரிசையும் விலைக்கு விற்கும் நூல்களின் தரவரிசையும் தனித்தனி. இலவச நாளில் நூல் எவ்வளவு உயரம் போனாலும், மறுநாள் விலைக்கு வந்ததும் அந்த இடம் அதனோடு வராது. முதல் நூல் வெளிவந்த மறுவாரமே ஐந்து நாள்களையும் செலவழிப்பதில் பயனில்லை என்பதற்கு அதுவே போதுமான காரணம். இரண்டாம் நூல் வெளிவரும் வாரத்தில் முதல் நூலை இரண்டு நாள் இலவசமாக்குங்கள். முதல் நூலின் கடைசிப் பக்கத்தில் இரண்டாம் நூலின் அறிமுகம் இருக்கட்டும். அந்த நேரத்தில் இலவசம் உங்களுக்காக வேலை செய்கிறது. தமிழ்மொழி விழாவையொட்டி ஏப்ரலில் விலையைக் குறைக்க விரும்புவோர், மாற்றிய விலை கடைக்கு வர மூன்று நாள் வரை ஆகலாம் என்பதால், அறிவிப்புக்கு நான்கைந்து நாள் முன்னதாகவே மாற்றிவிட வேண்டும்.

அடுத்து, எந்தச் செலவும் இல்லாத, ஆனால் நாம் முற்றிலும் வீணாக்கும் விளம்பரம் ஒன்று உண்டு. கிண்டிலில் எந்த நூலையும் வாங்குமுன் அதன் முதல் பத்து விழுக்காட்டைக் கட்டணமின்றிப் படித்துப் பார்க்கலாம். அறிமுகமில்லாத வாசகர் உங்களை முதலில் சந்திக்கும் இடம் அதுதான். நம் நூல்களின் முதல் பத்து விழுக்காட்டில் என்ன இருக்கிறது? பதிப்புரை, அணிந்துரை, இரண்டு வாழ்த்துரைகள், என்னுரை, நன்றியுரை. இருநூறு பக்க நூலில் இருபது பக்கம் இவற்றுக்கே போய்விடுகிறது. முதல் கதையின் முதல் வரி தொடங்கும் முன்பே மாதிரி முடிந்துவிடுகிறது. விழாவில் வாழ்த்துரை வழங்கியவருக்கு நாம் செய்யும் மரியாதை அது என்பது எனக்குத் தெரியும். அச்சு நூலில் அது அப்படியே இருக்கட்டும். மின்னூலில் தலைப்புப் பக்கத்தை அடுத்து உள்ளடக்கம், உடனே முதல் கதை, உரைகள் யாவும் கடைசியில் என்று வரிசையை மாற்றிவிடுங்கள். முதல் கதையாக உங்கள் மிகச் சிறந்த கதை இருக்கட்டும். இந்த ஒரு மாற்றத்தை நான் எல்லா எழுத்தாளரிடமும் மன்றாடிக் கேட்கிறேன். சிலர் வாழ்த்துரை எழுதிய பெரியவர் வருந்துவாரோ என்று தயங்குகிறார்கள். அந்தப் பெரியவர்களே இம்மடலைப் படிக்க நேர்ந்தால், தம் உரையைப் பின்னால் வைக்கும்படி அவர்களே முன்வந்து சொல்லலாம். அதைவிடச் சிறந்த வாழ்த்து வேறு இருக்க முடியாது.

நூலைப் பற்றிய அறிமுகக் குறிப்பையும் கவனியுங்கள். "மனித மனங்களின் ஆழங்களைத் தொட்டுச் செல்லும் படைப்பு" என்ற வகையான வாக்கியம் எந்த நூலுக்கும் பொருந்தும், ஆகவே எதையும் விற்காது. உங்கள் கதை நடக்கும் இடத்தைச் சொல்லுங்கள். தேக்காவில் கடை வைத்திருந்த தந்தை, செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலை, வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதி, பிள்ளை தமிழில் பேச மறுக்கும் வீடு என்று உங்கள் நூலில் மட்டும் இருப்பது எதுவோ அதை முதல் இரண்டு வரிகளில் வையுங்கள். தமிழ்நாட்டு வாசகருக்குச் சிங்கப்பூர் என்றால் விமான நிலையமும் கடைத்தெருவும்தான் நினைவுக்கு வருகின்றன. நம் வாழ்வு அவருக்குப் புதியது. அந்தப் புதுமையே நமக்குள்ள பெரிய பலம். குறிப்பில் அதை மறைத்துவிட்டு பொதுப்படையாக எழுதுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

தேடுசொற்களுக்கு அமேசான் ஏழு கட்டங்கள் தருகிறது. அவற்றில் மூன்றை, உங்கள் வாசகர் ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டச்சு செய்யும் விதத்துக்கு ஒதுக்குங்கள். தமிழ் நன்றாகப் படிப்பவர்களிலும் பலர் கைப்பேசியில் தேடும்போது ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துகிறார்கள். தமிழில் மட்டும் பெயர் உள்ள நூல் அவர்கள் தேடலில் அகப்படுவதில்லை.

மதிப்புரைகளைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் எழுதும் மதிப்புரைகளை அமேசான் அனுமதிப்பதில்லை. பணத்துக்கோ பரிமாற்றமாகவோ எழுதுவதையும் அனுமதிப்பதில்லை. வெளியீட்டு நாளன்று குழுவில் சுட்டியைப் போட்டு, எல்லாரும் ஐந்து நட்சத்திரம் தாருங்கள் என்று கேட்பது வாசகரை ஏமாற்றும் செயல், மதிப்புரைகள் நீக்கப்படவும் வழிவகுக்கும். அமெரிக்கக் கடையில் மதிப்புரை எழுத, கடந்த பன்னிரண்டு மாதங்களில் அந்தக் கணக்கில் குறைந்தது 50 டாலருக்குப் பொருள் வாங்கியிருக்க வேண்டும் என்பதால், நம் உள்ளூர் நண்பர்கள் பலரால் அங்கே எழுதவும் முடியாது. நேர்மையான வழி இருக்கிறது. நூல் வெளிவருமுன், உங்களோடு பழக்கமில்லாத, நன்றாகப் படிக்கும் பத்துப் பேருக்கு முன்படி அனுப்புங்கள். எழுதினால் மகிழ்ச்சி, எழுதாவிட்டாலும் வருத்தமில்லை, குறையைச் சொன்னால் நன்றி என்று தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். செலக்டில் சேரும் முன்பே இதைச் செய்துமுடித்துவிடுங்கள். மூன்று பேர் காரணத்தோடு எழுதிய மதிப்புரைகள், காரணமில்லாத முப்பது நட்சத்திரங்களைவிட வாசகரை நம்ப வைக்கும். குறை சொல்லும் மதிப்புரை ஒன்று வந்தால் அதற்குப் பதில் எழுதாதீர்கள்.

இலக்கிய அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் வாசகர் வட்டங்களை நடத்துவோருக்கும் தனியே ஒரு வேண்டுகோள். ஒரு நூலைக் கலந்துரையாடலுக்கு எடுக்கும்போது, உறுப்பினர்களுக்கு அனுப்பிவைக்க அதன் பிடிஎஃப் கோப்பைத் தருமாறு எழுத்தாளரிடம் கேட்காதீர்கள். மேடை தரும் உங்களிடம் மறுக்க அவரால் முடியாது. கொடுத்துவிட்டு மௌனமாக இருந்துவிடுவார். அறிவிப்போடு நூல் கிடைக்கும் சுட்டியையும் விலையையும் போடுங்கள். வாங்க இயலாத மாணவர்கள் இருந்தால் அமைப்பே அவர்களுக்காகச் சில படிகளை வாங்கலாம், அல்லது நூலகத்தில் உள்ள படியைப் படிக்கச் சொல்லலாம். அழைப்பிதழில் நூலின் பெயர் இருக்கிறது, வாழ்த்துரை வழங்குவோரின் பெயர்கள் அனைத்தும் இருக்கின்றன. நூலை எங்கே வாங்கலாம் என்ற ஒரு வரியும் சேரட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். சிறுகதைப் பட்டறை, மரபுக்கவிதைப் பயிலரங்கு என்று எழுத்துக்காக ஆண்டுதோறும் நிகழ்ச்சிகள் நடத்துகிறீர்கள். அவற்றால் பயன் பெற்றவர்களின் நூல்களைத்தான் நான் வடிவமைக்கிறேன். அவற்றில் ஒரு பிற்பகலை வெளியீட்டுக்கு ஒதுக்குங்கள். ராயல்டிக் கணக்கு, வரிப் படிவம், தேசிய நூலக வாரியத்திடம் ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண் பெறுவது, சட்டப்படி நூலகத்தில் படி ஒப்படைப்பது ஆகியவற்றை, அனுபவம் உள்ள எழுத்தாளர்களே தம் விற்பனை அறிக்கையைத் திரையில் காட்டிப் பேசட்டும். எத்தனை படி விற்றது என்பதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லாததால், புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் இருட்டிலேயே விலை வைக்கிறார். ஒருவர் தம் எண்களை வெளிப்படையாக வைத்தால், அவை சிறியனவாக இருந்தாலும், அடுத்தவர் எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்வார்.

ஏற்கெனவே மின்னூல் வெளியிட்டவர்கள் இந்த வாரமே உங்கள் கணக்கைத் திறந்து இந்தியக் கடையின் விலையைப் பாருங்கள், நூலின் மாதிரியை உங்கள் கைப்பேசியில் இறக்கி அது எந்தப் பக்கத்தில் முடிகிறது என்று பாருங்கள். வாழ்த்துரையில் முடிந்தால், வரிசையை மாற்றிய கோப்பை மீண்டும் ஏற்றுவதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. கட்டணத் திட்டங்களும் நாடுகளின் பட்டியலும் மாறக்கூடியவை என்பதால், விலை வைக்கும் நாளில் அமேசானின் உதவிப் பக்கத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வடிவமைப்புக்கு வருவோர் இனி விலையை எழுதிக்கொண்டு வரட்டும். ஏன் அந்த விலை என்பதற்கு இரண்டு வரிகளும் சேர்த்து எழுதிக்கொண்டு வரட்டும்.

அன்புடன்,
உங்கள் நூல்களை மின்வடிவமாக்கும் வாசகர் ஒருவர்
சிங்கப்பூர்